கேட்டால் கேட்டதுதான்

அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. புருஷன் பேரும் அப்படித்தான். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவளை இடித்து அவளைச் சொல்ல வைத்தே இத்தனை வருசத்தை ஓட்டிவிட்டேன். இந்த வயசில் எழுத உட்கார்ந்தபோது மட்டும் அதை எதற்கு உடைப்பது? மாமா என்றே சொல்கிறேன். மருமகளாகப் போவதற்கு முன்பும் அவர் எனக்கு மாமாதான். அவர் காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான் இருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் திருச்செங்கோட்டு மலை தெரியும். மானம் பார்த்த பூமி. மழை மனசு வைத்தால் சோளம், கம்பு, கடலைக்காய், வைக்காவிட்டால் கொள்ளு. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருசங்கள் அவை.

ஊரே சிரித்த ஒரு பழக்கம் மாமாவுக்கு இருந்தது. எந்தக் காரியமானாலும் பிள்ளைகளைக் கேட்டுத்தான் செய்வார். அந்தக் காலத்து அப்பன்மார் வேலை ஏவுவதற்கும் வைவதற்கும் தவிர பிள்ளைகளிடம் வாய் திறந்ததில்லை. எங்கள் அப்பா எதிரில் நான் உட்கார்ந்ததாகவே ஞாபகமில்லை. மாமா வீட்டிலோ பொழுது இறங்கியதும் வாசலில் கயிற்றுக்கட்டில் விழும். மகன் ஒரு பக்கம், அவனுக்கு இளையவள் பாவாயி ஒரு பக்கம். நடுவில் மாமா.

"ஏஞ்சாமி, மேக்காட்டுல கம்பு போடலாமா, சோளம் போடலாமா?"

வேடிக்கைக்குக் கேட்பதில்லை. கேட்டுவிட்டு, இரண்டு பேரும் சொல்கிறவரைக்கும் காத்திருப்பார். பாவாயிக்கு அப்போது ஐந்து வயசு இருக்கும். கம்பு என்றால் எது, சோளம் என்றால் எது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அடுப்பில் களி இறுகிப் போகும். அத்தை உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். "ஓசனை முடிஞ்சுதுங்களா? களி ஆறிப்போவுது." அவளையும் மாமா கேட்டுப் பார்த்ததுண்டு. "எனக்கு வேலையச் சொல்லுங்க, செய்யறேன். ஓசனை சொல்லறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளைக் கேட்கிற அப்பன்மாரை அதற்கப்புறம் நானும் பார்த்திருக்கிறேன். கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், பிறகு தான் நினைத்ததைச் செய்வார்கள். மாமாவிடம் அந்த ஏய்ப்பு கிடையாது. கேட்டால் கேட்டதுதான். கேட்ட வாய்க்குக் கட்டுப்பட்டே தீருவார். அதனாலேயே செய்ய முடியாததைக் கேட்க மாட்டார். ஒரு வைகாசியில் களையெடுப்பு தலைக்கு மேல் கிடந்தது. "இந்த வருசம் தேருக்குப் போறதில்ல. உங்களக் கேக்கல. கேட்டாப் போலாம்பீங்க, அப்பறம் போயாவணும்" என்றார். பாவாயி ஓவென்று அழுதாள். கேட்காமல் விட்டதற்கு அழுகிற பிள்ளையை நான் அந்த வீட்டில்தான் கண்டேன்.

சந்தைக்கு மாடு பிடிக்கப் போன கதையை எங்கள் அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்திருக்கிறார். மாமா தன் கையை வெளியே எடுத்துவிட்டு, பாவாயியின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் விட்டாராம்.

"ஏனுங்க, மாடு வாங்க வந்தீங்களா, புள்ளைக்கு வளையல் போட வந்தீங்களா?" என்று தரகர் கேட்டிருக்கிறார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறவ அவதானுங்க. அவளக் கேக்காம எப்பிடிங்க?"

பாவாயி பார்த்து வைத்தது நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு மயிலைக்காளை. காரணம் கேட்டதற்கு, "அது என்னையே பாத்துச்சுங்கப்பா" என்றாளாம். அந்த மாடு வந்த மறுநாளே தெரிந்துவிட்டது, ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்கிற மாடு என்று. பாதிச் சாலில் படுத்துவிடும். மாமா அடிக்க மாட்டார். பக்கத்தில் குந்தி, அது எழுகிறவரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "என்ன மச்சான், மாட்டையும் ஓசனை கேக்கறீங்களா? ஆமா, அது பாவாயி பாத்த மாடில்ல?" என்பார்.

"நாங்க பாத்த மாடுங்க மச்சான்" என்பார் மாமா.

நாங்க என்பதை ஒருநாளும் விட்டதில்லை. பிள்ளை சொல்லிக் கெட்ட காரியம் எதற்கும் பிள்ளையை ஒரு சொல் சொன்னதில்லை. "போச்சாது, உடு" என்பார். போனால் போகட்டும் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாமா அந்தச் சொல்லைச் சொல்லும்போது முகமும் அதையே சொல்லும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருநாள் துணிந்து அப்பாவிடம், "எங்கிட்ட மட்டும் ஏனுங்க எதுவுங் கேக்கறதில்ல?" என்று கேட்டுவிட்டேன். அவர் அடிக்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். அது அடியைவிட வலித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அந்தப் பொறாமையைக் கிணறு தின்றது.

இரண்டு வருசம் மழை சரியாக இல்லை. மாமாவுக்குக் கிணறு கிடையாது. வெட்டியே ஆகவேண்டும் என்று ஆனது. எங்கே வெட்டுவது என்பதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. கோயிலில் பூக் கேட்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் வாக்கு. மாமாவையும் பூக் கேட்கச் சொன்னார்கள். "பொட்டலத்த எடுக்கறதும் ஒரு புள்ளைதானுங்களே. அந்தப் புள்ளையவே நேராக் கேட்டறலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலைப் போட்டார்.

மகனுக்குப் பன்னிரண்டு வயசு. சும்மா சொல்கிற பையன் இல்லை. கிழக்கு மூலையில் வேலமரத்துக்கு அடியில் கோடையிலும் அருகம்புல் காய்வதில்லை என்று கவனித்து வைத்திருந்தான். "அங்கதானுங்கப்பா தண்ணி இருக்கோணும்" என்றான். நல்ல காரணம்தான். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வயசில் அவ்வளவு யோசித்த பையனை நான் பார்த்ததில்லை. புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அவன் காட்டிய இடத்தில் வெட்டினார்கள். ஆளுயரம் போனதும் ஈரமண் வந்தது. ஒரு பிடியை அள்ளிக்கொண்டு ஓடி வந்து, வேலிச் சந்தில் கையை விட்டு என் உள்ளங்கையில் வைத்தான். சில்லென்று இருந்தது. அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை அப்புறம் பல வருசம் நான் காணவில்லை. அந்த ஈரத்துக்கு அடியில் பாறை வந்துவிட்டது.

கடப்பாரை இறங்கவில்லை. மருந்து வைத்து வெடித்தார்கள். பாறைக்குக் கீழும் பாறை. அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலில் மாமா கேட்டார்.

"ஏஞ்சாமி, நிறுத்திக்கலாமா, இன்னுங் கீழ போலாமா?"

"போலாமுங்கப்பா."

கேட்டாகிவிட்டது. போனார்கள். கறவை மாடு போனது. படுக்கிற மயிலையும் அதன் ஜோடியும் போயின. பாவாயி அன்றைக்குத் தொழுவத்தைவிட்டு எழவில்லை. அத்தையின் காதுத் தோடு போய், ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாமா தவறாமல் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் போலாம் என்றே சொன்னான். ஊர்க்காரர்கள் அதற்கு மகன் கிணறு என்று பேர் வைத்துவிட்டார்கள். "புள்ளை வாயில காட்ட அடமானம் வெச்ச ஆளு" என்றார் எங்கள் அப்பா. அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. பெற்றவர் என்பதற்காக அதை மறைப்பானேன்?

விடியற்காலையில் நான் சாணி எடுக்கப் போகும்போதே அவன் கிணற்று மேட்டில் நிற்பான். ஒரு கல்லை உள்ளே போடுவான். டக்கென்று பாறையில் விழுகிற சத்தம் வேலிவரை கேட்கும். சித்த நேரம் நின்றுவிட்டு இன்னொன்று போடுவான். அதுவும் டக்கென்றுதான் கேட்கும். பையன் இளைத்துப் போனான். சோற்றைப் பிசைவானே தவிரத் தின்பதில்லை என்று அத்தை எங்கள் அம்மாவிடம் வந்து அழுதாள்.

ஒருநாள் வேலியோரத்தில் என்னிடம் சொன்னான். "அப்பா ஒரு அடி அடிச்சாக்கூடத் தேவலை புள்ளை. போச்சாது, போச்சாதுங்கறாங்க. அதக் கேக்கறப்பத்தான் எனக்கு எங்கியாச்சும் ஓடிப் போயறலாம்னு வருது."

அதுவரை மாமாவைப்போல ஒரு அப்பன் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் வீட்டில் மோர் கெட்டுப்போய், உறைமோர் வாங்கி வரச்சொல்லி அம்மா என்னை ஒரு சாயங்காலம் அங்கே அனுப்பினாள். கறவை போனாலும் அத்தை யார் வீட்டிலாவது வாங்கி ஒரு சொம்பு வைத்திருப்பாள். நான் போனபோது மூன்று பேரும் வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிணறு இருக்கிற காட்டை விட்டால், விற்பதற்கு இனி மேக்காடு ஒன்றுதான் பாக்கி.

"ஏஞ்சாமி, மேக்காட்டக் குடுத்துட்டு இன்னுங் கொஞ்சம் வெட்டிப் பாக்கலாமா? என்ன சொல்லறே?"

அவன் வட்டிலைப் பார்த்தபடி, "வெட்டலாமுங்க" என்றான்.

"நீ என்ன சொல்லறே அம்மிணி?"

"அண்ணன் சொல்லறதுதானுங்க" என்றாள் பாவாயி.

அத்தை அகப்பையைக் கீழே வைத்தாள். ஓசனை சொல்ல நேரமில்லை என்றவள், மாமாவுக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, என்னையக் கேளுங்க. நான் சொல்லறேன். அவன இனிமே கேக்காதீங்க. அவன் எப்பிடிங்க போதும்பான்? போதும்னுட்டா, மொதல்ல சொன்னது தப்புன்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்லீங்களா? மாடு போனது, தோடு போனது அத்தனையும் அவன் தலையில வந்து உக்காந்துக்குமுங்க. பன்னண்டு வயசுப் புள்ளை தூக்கற கல்லுங்களா அது?"

மாமா அவனைப் பார்த்தார். அவ்வளவு நாளும் அவன் சொல்வதைக் கேட்டாரே ஒழிய, அவனைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். சொம்பை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். திரும்பி வரும்போது, கல் தூக்குகிற வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டு வந்தார். வாசலில் அதைத் தொப்பென்று போட்டார்.

"நாளைக்கு வெட்டு இல்ல. நான் ஆரையுங் கேக்கல. நான் சொல்லறேன்."

"இன்னுங் கொஞ்சந்தானுங்கப்பா... பாறை முடிஞ்சிருமுங்க..."

"இல்லடா சாமி." மாமா அவன் பக்கத்தில் குந்தினார். "எடத்த நீ காட்டுனே. வெட்டுனது நானு. மாட்ட வித்ததும் நானு. நீ சொன்னதுக்கு நீ பொறுப்பு. பண்ணுனதுக்கு நாந்தான் பொறுப்பு. ரெண்டையும் உந்தலையில வெச்சுட்டு நான் சும்மா உக்காந்திருந்தம் பாரு, அது என் தப்பு."

பையன் அப்போதுதான் அழுதான். அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதான். பிறகு களியை எடுத்துத் தின்றான். அத்தை இன்னொரு உருண்டை வைத்தாள். அதையும் தின்றான். நான் உறைமோர் வாங்காமலே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேக்காடு தப்பியது. மற்றபடி கதையில் வருவதுபோல எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. மாமா எங்கள் அப்பாவின் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டக் கூலிக்கு வந்தார். அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "என்ன மச்சான், மகனக் கேட்டுட்டுத்தான வந்தீங்க?" என்று குத்துவார். "கேட்டுட்டுத்தானுங்க" என்பார் மாமா. உண்மையிலேயே கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். கேட்பதை அவர் விடவில்லை. சூடுபட்ட பூனை பாலையே வெறுத்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அப்படி ஆகவில்லை.

ஆனால் கேட்கிற விதம் மாறியிருந்தது. முன்னெல்லாம் "என்ன பண்ணலாம்?" என்று பிள்ளைகள் முன்னால் வெறுங்கையோடு உட்காருவார். இப்போது முதலில் தன் மனசைச் சொன்னார். "எனக்குக் கடலைக்காய் போடலாம்னு தோணுது. காரணம் இது. நீங்க என்ன சொல்லறீங்க? கெட்டா எம்மேல." பிள்ளைகள் அதை மறுத்தும் பேசினார்கள். பல தடவை அவர்கள் சொன்னதுதான் நடந்தது. பாவாயி சொல்லி வாங்கிய ஒரு மாடு பத்து வருசம் உழைத்தது. அதற்கு அவர் பாவாயி பேரைச் சொன்னார். நல்லது நடந்தால் பிள்ளை பேர், கெட்டது நடந்தால் தன் பேர். கணக்கில் கொஞ்சம் அநியாயம்தான்.

மகன் மட்டும் அந்த மேட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மீசை அரும்பிய பிறகும் விடியற்காலையில் போய் நிற்பான். கல் போடுவதில்லை. நின்று பார்ப்பதோடு சரி.

எனக்குப் பதினேழு நடக்கும்போது மாமா தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு உள்ளூரச் சம்மதம். மகன் உழைப்பாளி, காடும் பக்கத்துக் காடு. பேசி முடித்துத் தட்டத்தை வாங்கக் கையை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை.

"அம்மிணியக் கூப்புடுங்க மச்சான். அதையும் ஒரு வார்த்த கேட்டறலாம்."

"பொட்டப்புள்ளையக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? நான் சொன்னாச் சரி."

"நீங்க சொன்னது உங்க சரி. எங்கூட்டுக்கு வாரது அதுதானுங்களே."

கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அம்மா முன்னால் தள்ளினாள்.

"அம்மிணி, எனக்கு இது இஷ்டம். அவனுக்கும் இஷ்டம், கேட்டுட்டேன். உனக்கு வேண்டாம்னாத் தட்டத்த எடுத்துக்கிட்டுப் போயிருவேன். உங்கப்பனுக்கும் எனக்கும் ஒரு வருத்தமும் வராது. நீ என்ன சொல்லறே?"

பதினேழு வருசத்தில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. பதில் எங்கேயிருந்து எடுப்பதென்றே தெரியவில்லை. மாமா அவசரப்படவில்லை. பாவாயியிடம் காத்திருந்த மாதிரியே காத்திருந்தார். அம்மா வைத்த மோரையும் தொடவில்லை. கடைசியில் என் வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம்.

"அந்தக் கிணத்த மூடிருங்க மாமா."

அப்பா, "என்ன பேச்சு இது?" என்று எழுந்தார். மாமா கையைக் காட்டி உட்கார வைத்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"வெடியால வெடியால அங்க போயி நிக்கறாங்க. நான் வந்த பொறகும் அதையே பாத்துக்கிட்டு நின்னா, நான் என்னங்க பண்ணுவேன்?"

மாமா தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு அதுல மனசில்ல அம்மிணி. அது வெறுங்குழியாக் கெடக்கல. மழைத்தண்ணி நிக்குது, ஆடு குடிக்குது. என்ற உழைப்பெல்லாம் அதுலதான் கெடக்குது. இதையெல்லாம் நான் சொல்லிப்போடோணும், சொல்லிட்டேன்." தட்டத்தை அப்பாவிடம் கொடுத்தார். "ஆனாக் கேட்டது நானு."

அறுப்பு முடிந்ததும் தொடங்கிவிட்டார்கள். வெட்டி எடுத்த கல்லும் மண்ணும் மேட்டில் மலையாகக் கிடந்தன. அப்பனும் மகனும் பாவாயியும் அதையே திரும்ப உள்ளே தள்ளினார்கள். ஊர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கடலைக்கொடி கட்டுகிற சாக்கில் தினமும் நின்றேன். முதலில் கல் விழுகிற சத்தம் ஆழத்திலிருந்து வந்தது. போகப் போக மேலே ஏறி வந்தது. ஒருநாள் சத்தமே இல்லாமல் மண்மேல் மண் விழுந்தது.

அன்றைக்குக் குழி தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. மாமா கூடையோடு நின்று பார்த்தார்.

"மழை பேஞ்சா அமுங்குமின்னு எனக்குத் தோணுது. இன்னுங் கொஞ்சம் மேடு பண்ணலாம். நீ என்ன சொல்லறே சாமி?"

அவர் மகன், தட்டம் மாறிய பிறகு எனக்கும் அவர்தான், புது மண்மேல் ஏறி நடுவில் நின்றார். காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு அப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

"போதுமுங்கப்பா" என்றார்.

மாமா நிறைந்திருந்த கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.